பதினேழு பேரை மன்னித்தவர்

மன்னித்துவிட்டதை வீடு தேடி வந்து அறிவிக்கிற மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் தியானக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியவர்களிடையே இவர்கள் அதிகம். போகும்போது நம்மைப் போலத்தான் போவார்கள்: பஸ்ஸில் ஜன்னலோரத்துக்கு அடித்துக்கொண்டு, தலையணை சரியில்லை என்று முனகிக்கொண்டு, போன இடத்தில் பந்தியில் முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டு. வரும்போது குரல் பாதியாகக் குறைந்திருக்கும். நடை மெதுவாகியிருக்கும். காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டால் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, "ஸ்தோத்திரம், போதும்" என்பார்கள். இதுவரை யாருக்கும் கெடுதல் இல்லை. நான்காம் நாள்தான் ஆபத்து. அன்றைக்குத்தான் யாரை மன்னிக்கலாம் என்று தேட ஆரம்பிப்பார்கள்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட்காரர் இந்த இனத்தில் அப்பழுக்கில்லாத மாதிரி. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சீனியர் மெக்கானிக். இருபத்திரண்டு வருட அனுபவம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது வேறு விஷயம். கயிறு ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்துக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிடுவார். நல்ல மனிதர். பக்தியும் பொய்யில்லை. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவனாக இருக்கக்கூடாது, ஏழு நாளும் ஆண்டவரோடு நடக்கவேண்டும் என்று அவர் உண்மையாகவே ஆசைப்பட்டார். ஆசைப்பட்டவர் தன் தொழில் வழக்கப்படி, ஆத்துமாவையும் வருடாந்தரப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

முதல் வாரம் வீடு ஆலயமாயிற்று. ஃபிரிட்ஜில் ஒரு வசனம், முகக்கண்ணாடியில் ஒரு வசனம், கருவிப் பெட்டியின் மூடியில் ஒரு வசனம். விடியற்காலையில் ஒரு மணி நேர ஜெபம். அந்த ஒரு மணி நேரமும் மிக்சி ஓடக்கூடாது, குழாய் ஒழுகக்கூடாது, காலேஜுக்குப் போகிற மகள் பல் துலக்குவதைக்கூட மௌனமாகச் செய்யவேண்டும். ஒருநாள் அவள் கையிலிருந்து டம்ளர் நழுவியது. பொறுமை என்னும் வரத்துக்காக முழங்காலில் நின்று மன்றாடிக்கொண்டிருந்தவர், அங்கிருந்தபடியே போட்ட கூச்சல் கீழே எங்கள் வீட்டுக்குக் கேட்டது.

இரண்டாம் வாரம் ஒரு நோட்டு வாங்கினார். தியானக் கூட்டத்துப் போதகர், உங்களைக் காயப்படுத்தியவர்களையெல்லாம் எழுதி ஒவ்வொருவராக மன்னித்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். மனதுக்குள் என்று அவர் சொல்ல மறந்தாரோ, இவர் கேட்க மறந்தாரோ தெரியாது. பதினேழு பெயர் தேறியது. ஒவ்வொன்றின் எதிரிலும் குற்றம், தேதி, சாட்சிகள்.

முதல் அழைப்பு மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு. மனசார மன்னித்துவிட்டதாகச் சொன்னார். எதற்கு என்று மச்சான் கேட்டார். புது வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, பத்துப் பேர் எதிரில், குளியலறைக் கதவு தப்பான பக்கம் திறக்கிறது என்று சொன்னதற்கு. மச்சானுக்கு அப்படிச் சொன்னதே நினைவில்லை. ஆனால் கதவு தப்பான பக்கம்தான் திறக்கிறது என்பது நன்றாக நினைவிருந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். இருபது வருடமாக ஒற்றுமையாக இருந்த இரண்டு குடும்பங்கள் அன்றோடு பேச்சை நிறுத்தின.

அடுத்து ஓர் அத்தை. அவர் அழுதுவிட்டார். அடுத்து, ஆறு வருடத்துக்கு முன் பேன்ட்டை அரை அங்குலம் குட்டையாகத் தைத்த தையற்காரர். அவர் போனை எடுக்கவே இல்லை. எப்படியோ தெரிந்திருக்கிறது, பாக்கியவான்.

நான் பதினோராவது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கீழே இறங்கி வந்து, உட்காராமல், நான் ஏணியை வாங்கிப் படி உடைந்த நிலையில் திருப்பிக் கொடுத்ததை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஏணியின் படி உடைந்தது எனக்குத் தெரியவே தெரியாது. திட்டு வாங்கியவனுக்குக்கூட அப்படி ஒரு கோபம் வராது, ஐயா, மன்னிப்பு வாங்கியவனுக்கு வருகிற கோபம்! நானும் விடவில்லை. விடியற்காலையில் என் தலைக்கு மேல் பூட்ஸ் காலோடு நடப்பதை நானும் மன்னித்துவிட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் என்னங்க பண்ணேன்?" என்றார்.

பட்டியலில் மனைவியும் இருந்தார், நான்காவது எண். அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது நோட்டு கையில் கிடைத்திருக்கிறது. முழுதும் வாசித்தார். கோபித்துக்கொள்ளவில்லை. கணவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "எனக்கு மட்டும் ரெண்டு பக்கம் ஒதுக்கியிருக்கீங்க. ரெண்டாவது பக்கம் காலியா இருக்கே, அது இனிமே நான் செய்யப்போறதுக்கா?"

பதினேழாவது, பழைய ஸ்டோர் கீப்பர். கம்பெனியில் உதிரிபாகங்களைச் சீட்டு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொடுக்கிறவர். மூன்று வருடத்துக்கு முன் ஊர்க்கோடியில் இருக்கும் கிடங்குக்கு மாற்றப்பட்டுவிட்டார். போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் லிஃப்ட்காரரைப் பார்த்தும் பாராதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவர் மேல் இருந்த குற்றம். லிஃப்ட்காரர் போன் செய்து, கனிவாக, அதையும் மன்னித்துவிட்டதாகத் தெரிவித்தார்.

மறுபக்கத்தில் முழுதும் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அந்த மனிதர் சாதாரணக் குரலில், "சரிங்க. வேற ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார் நம்மவர். பட்டியல் முடிந்தது. அன்று அவருக்கு ஆனந்தமாக இருந்திருக்கவேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை முழங்காலில் நின்றார்; ஜெபம் வரவில்லை. ஒரு மணியை ஒன்றரை மணி ஆக்கினார். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார். புதிதாக இரண்டு வசனம் ஒட்டினார். எதைச் செய்தாலும், கண்ணை மூடினால் அந்தக் கேள்வி வந்து எதிரில் நின்றது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவரல்ல. அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது. பத்து நாள் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள், "அந்த ஸ்டோர்காரருக்கு என்ன செஞ்சீங்க?" என்று நேராகக் கேட்டுவிட்டார். யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார் இவர். "யாரும் சொல்லல. அவர்கிட்ட பேசினதுல இருந்துதான் இப்படி இருக்கீங்க."

செய்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோய், ஆறு பேர் இரண்டு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தாள். நல்லவேளையாகத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேய்ந்துபோன பிரேக் லைனிங்கை மாற்றாததுதான் காரணம். புது லைனிங் ஸ்டோரிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பே வந்துவிட்டது. மாட்ட வேண்டியவர் நம்மவர். மறந்துவிட்டார். விசாரணை வந்தபோது, சாமான் ஸ்டோரிலிருந்து வரவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தானே நம்பவும் தொடங்கிவிட்டார். பதினேழு பேரின் குற்றத்தையும் தேதியோடு நினைவில் வைத்திருந்தவருக்கு இந்த ஒன்று மட்டும் நினைவில்லை. இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? உங்களுக்கும் எனக்கும் மட்டும் ஞாபகம் வேறு மாதிரியா வேலை செய்கிறது?

ஒரு திங்கட்கிழமை லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, அந்தக் கிடங்குக்குப் போனார். இரும்பு அடுக்குகளுக்கு நடுவில், ஒரே ஒரு டியூப் லைட்டுக்குக் கீழே ஸ்டோர் கீப்பர் உட்கார்ந்திருந்தார். வந்தவரைப் பார்த்ததும் பழக்கத்தில் சீட்டுக்காகக் கையை நீட்டினார். இவரிடம் சீட்டு இல்லை.

"லைனிங் நீங்க அப்பவே கொடுத்துட்டீங்க. நான்தான் மாட்டல. பொய் எழுதிட்டேன்."

"தெரியுங்க" என்றார் அவர். "நீங்க கையெழுத்துப் போட்ட சீட்டைக் காட்டினேன். யாரும் வாங்கிக்கூடப் பார்க்கல. சீனியர் மெக்கானிக் எதுக்குப் பொய் எழுதப்போறார்னு சொல்லிட்டாங்க."

லிஃப்ட்காரர் மன்னிப்புக் கேட்டார். வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு போன ஜெப வார்த்தைகள் ஒன்றும் வரவில்லையாம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி, மன்னிச்சிடுங்க என்று மட்டும் வந்ததாம். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த மனிதர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கியபடி சொன்னது வேறு.

"கேட்டீங்க, சரி. எனக்குக் கொஞ்ச நாள் ஆகுங்க. சட்டுனு வராது. முதல்ல ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க."

சொன்னார். எழுதியே கொடுத்தார். சீனியர் பதவி போயிற்று. தன்னிடம் தொழில் பழகியவரின் கீழே இப்போது வேலை. மூன்று மாதம் கழித்து ஸ்டோர் கீப்பர் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார். தினமும் ஸ்டோர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். சீட்டு போகும், சாமான் வரும். ஒரு வார்த்தை கிடையாது. இவர் தினமும் போய் நின்றார். ஏறக்குறைய அரை வருடம் கழித்து ஒருநாள், சாமானை நகர்த்திக்கொண்டே, "மழை வரும்போல. சீக்கிரம் கிளம்புங்க" என்றார் அவர். லிஃப்ட்காரர் அன்று வீட்டுக்கு வந்து, பதக்கம் வாங்கிய பிள்ளை மாதிரி, அதை மனைவியிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மன்னிப்புதானா அது? தெரியாது. வானிலை அறிக்கையாகவும் இருக்கலாம்.

மச்சான் வீட்டுக்கும் போய் வந்தார் என்று கேள்வி. இந்தத் தடவை கதவைப் பற்றிப் பேசவில்லையாம். ஜெபம் இப்போது கால் மணி நேரம்தான். "முன்னாடி ஊர்ல உள்ளவங்க பேரெல்லாம் கேட்கும். இப்ப அவரோட சொந்தப் பேர் மட்டும்தான் கேட்குது" என்கிறார் அந்த அம்மாள்.

நிற்க. இவ்வளவு தூரம் வாசித்துவிட்டீர்கள், சந்தோஷம். நடுவில் எங்கேயோ, இதை இன்னார் கட்டாயம் வாசிக்கவேண்டும் என்று ஒரு முகம் உங்களுக்கு வந்ததல்லவா? கூச்சப்படாதீர்கள், எழுதும்போது எனக்கு என் அண்ணன் முகம் வந்தது. அந்த இன்னாரும் இப்போது எங்கேயோ உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி, இதே பக்கத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு யார் முகம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?