வலியக்காவுக்கு வலி

தலைவலிக்காரியாக நடித்துக்கொண்டிருந்த வலியக்காவுக்கு நடுவில் வயிறு வலிக்க ஆரம்பித்தது.

மருத்துவக் கல்லூரித் தேர்வில் நோயாளியாக நடிப்பதுதான் அவள் உத்தியோகம். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து விசாரிப்பார்கள். யார் மனதோடு பேசினார்கள் என்று அவள்தான் மதிப்பெண் போடுவாள். அவள் அழுகிற அழகே தனி. முதலில் உதடு துடிக்கும். அப்புறம் இடது கண்ணில் மட்டும் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது, இருக்க வேண்டியதும்தான்.

"தலை எப்படி வலிக்குது அக்கா?" என்றாள் எதிரே இருந்த மாணவி.

"தலையை விடும்மா. வயிறு வலிக்குது. நிஜமா."

மாணவி முழித்தாள். தேர்வில் பொறி வைக்கிறார்கள் என்று முடிவுகட்டி, முன்னால் சாய்ந்தாள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது அக்கா."

"புரிஞ்சா ஒரு டாக்டரைக் கூப்பிடு."

"நான்தான் டாக்டர்," என்று மாணவி அவள் கையைத் தடவிக் கொடுத்தாள். மணி அடித்ததும் மலர்ந்த முகத்தோடு வெளியே போனாள்.

வலியக்கா கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பேராசிரியரைப் பார்த்துக் கையசைத்தாள். "ஐயா, பரீட்சையை நிறுத்துங்க. என்னால முடியல."

ஒலிபெருக்கியில் குரல் குழைந்தது. "பிரமாதம்மா. எழுதிக் கொடுக்காததை எல்லாம் சேக்கிறீங்க. இப்படியே போகட்டும்."

பாழாய்ப்போன பாராட்டு. ஒரு நிமிடம் அவளுக்கு வயிறே குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிடம் பழையபடி பிடுங்க, இனி கேட்டுப் பயனில்லை என்று எழுந்து கதவை நோக்கி நடந்தாள். அதற்குள் அடுத்த மாணவன் வந்து வழிமறித்தான்.

"உங்க கோபம் நியாயமானதுதான் அக்கா. உக்காந்து பேசுவோமா?"

தோளைப் பிடித்துப் பூப்போல உட்கார வைத்தான். இந்த வசனங்களை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே வலியக்காதான். யாரை நொந்துகொள்வது? தடுப்புக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

மூன்றாவதாக வந்தவனைப் பார்த்ததும் அவளுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. கல்லுளிமங்கன். அவள் வைத்த பெயர்தான். இரண்டு முறை வாயே திறக்காமல் நின்றவன். மனதில் ஈரமே இல்லை என்று இரண்டு முறையும் அவள்தான் பெயிலாக்கியிருந்தாள். இப்போது அவள் உயிர் அவன் கையில்.

"தம்பி, வலிக்குதுப்பா," என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டான்.

"எங்கக்கா?"

காட்டிய இடத்தில் மெதுவாக அழுத்திக் கையை எடுத்தான். அவள் துடித்துப்போனாள். அவன் எழுந்து கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான்.

"நேரம் முடியலப்பா, வெளியே போனா பெயில்," என்றது ஒலிபெருக்கி.

"பரவாயில்ல சார்."

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே தேறியிருக்க மாட்டாள் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

மறுநாள், பேராசிரியரைக் கட்டிலுக்கே வரவழைத்து, அவனுக்கு முழு மதிப்பெண் போட்டாள் வலியக்கா. "என்னைக் காப்பாத்தினது நான் பாஸ் போட்ட டாக்டர்," என்று நர்ஸிடம் ஒருமுறை. மருந்து கொண்டு வந்தவரிடம் ஒருமுறை. "நடிப்பும் நேத்து உச்சம். பேராசிரியரே கைதட்டினாருன்னா பாத்துக்கோ," என்று இருவரிடமும்.

மாலையில் அவன் வந்தான். கட்டிலோரம் நின்றான்.

"ஏன் தம்பி, எல்லாரும் நடிப்புன்னு நினைச்சாங்க. உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"போன ரெண்டு தடவையும் நீங்க அழுததைப் பாத்து எனக்குத் தொண்டை அடைச்சுப்போய் பேச்சே வரலக்கா. நேத்து உங்க நடிப்பு ரொம்ப மட்டமா இருந்துச்சு, அதான் உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."