பச்சை மையும் பானைக்கழுத்தும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பீரோ மேல உக்காந்திருக்கற ரெக்சின் பைய காலி பண்ணணும்.

கல்யாணமாகி இந்த கும்மிடிப்பூண்டி வாடகை ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து அந்தப் பை அங்கதான் இருக்கு. கரண்டு பில்லு, கேஸ் ரசீது, குக்கர் வாரண்டி கார்டு, பாப்பாவோட தடுப்பூசி அட்டை, எங்க ஊட்டுக்காரரோட சர்டிபிகேட்டுங்க, எல்லாம் அதுக்குள்ளதான். ஜிப்பு போட முடியாம வாயத் தொறந்துகினு கெடக்கும். மழை வந்தா வெள்ளிப் பூச்சி ஒண்ணு அதுல இருந்து எறங்கி சுவத்துல உலா போவும்.

அத சும்மா விட்ருக்கலாம். விடல. ஏன்னா நான் ரொம்ப சுறுசுறுப்பு!

ஐடியா குடுத்தது ஸ்டெல்லா அக்கா. ஸ்டேஷன் ரோட்டுல பிரௌசிங் சென்டர் வச்சிருக்காங்க.

"இன்னாத்துக்கு செல்வி இந்தக் குப்பைய கட்டிக்கினு அழுவுற? எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே சி.டி.ல போட்டுத் தர்றேன். ஃபாரின்லலாம் இப்ப யாருமே பேப்பர் வச்சிக்கறது இல்ல, தெரியுமா?"

ஃபாரின்லயே இல்லாத பேப்பரு நம்ம ஊட்ல எதுக்கு? பைய இடுப்புல ஒரு பக்கம், பாப்பாவ இன்னொரு பக்கம் தூக்கினு கெளம்பிட்டேன்.

ஸ்கேன் பண்றதுன்னா டக்குனு ஆயிடும்னு நெனச்சேன். ஒவ்வொரு பேப்பரா மூடிய தொறந்து, குப்புறப் படுக்க வச்சு, மூடியப் போட்டு, அது உள்ள வெளக்கப் புடிச்சிக்கினு மெதுவா நடந்து போயி திரும்பி வர்றதுக்குள்ள நான் ஊட்ல ரெண்டு ஈடு இட்லி ஊத்தி எடுத்துருப்பேன். நடுவுல கரண்டு போச்சு. வந்துச்சு. திரும்பவும் போச்சு. பாப்பா ஒரு பட்டன தட்டி, ஒரே கேஸ் ரசீது ஒம்போது தடவ ஸ்கேன் ஆச்சு.

"வுடு, ஒம்போது காப்பி இருந்தா பத்திரம்தானே"ன்னாங்க அக்கா.

மத்தியானம் பளபளன்னு ஒரு சி.டி. கைக்கு வந்துச்சு. அது மேல மார்க்கர்ல 'செல்வி குடும்பம்'னு எழுதிக் குடுத்தாங்க. எனக்கு ஒரே பெருமை. எங்க குடும்பமே ஒரு தோசை சைஸ்ல அடங்கிடுச்சு!

ஊட்டுக்கு வந்து பேப்பர தரம் பிரிக்க உக்காந்தேன். இங்கதான் என் புத்திசாலித்தனம் வேல செஞ்சது. கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

நான் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவ. எட்டாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்கு எழுதிப் போட, மார்க் ஷீட்டோட ஜெராக்ஸ ஹெட்மாஸ்டர்கிட்ட எடுத்துக்கினு போனேன். அவரு அத கையால கூடத் தொடல. "பச்சை மைல ஆபீசர் கையெழுத்து இருக்குதா? இல்லேன்னா இது செல்லாது"ன்னுட்டாரு. அந்தப் பச்சை மைக்காக பொன்னேரி ஆஸ்பத்திரி வாசல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்லாமயே, நோயாளிங்களோட நானும் அரை நாள் வரிசைல நின்னேன். டாக்டரம்மா எனக்கு நாடி புடிச்சுப் பாத்துட்டுத்தான் கையெழுத்தே போட்டாங்க.

அன்னில இருந்து எனக்கு ஒரே கணக்கு. பச்சை மை இருந்தா உசுருள்ள பேப்பரு. இல்லேன்னா வெறும் பேப்பரு.

எங்க ஊட்டுக்காரரோட ஐ.டி.ஐ. சர்டிபிகேட் ரெண்டு விதமா இருந்துச்சு. ஒண்ணு பழுப்பேறி, ஓரத்தப் பூச்சி கடிச்சு, மூலைல டீ சிந்துன கறையோட இருந்துச்சு. மருந்துக்குக் கூட பச்சை இல்ல. இன்னொண்ணு வெள்ளை வெளேர்னு, கீழ வட்ட சீலு, பச்சை மைல கோழி கிறுக்குன மாதிரி கையெழுத்து. அதுவும் ரெண்டு செட்டு!

நீங்களா இருந்தா எத வச்சிப்பீங்க?

நானும் அதத்தான் வச்சேன்.

மூணு மணிக்கு ஏழுமலை அண்ணன் சைக்கிள்ல மணியடிச்சிக்கினு வந்தாரு. பழைய பேப்பர் போட்டா பிளாஸ்டிக் சாமான் குடுப்பாரு. லேமினேட் பண்ண பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ட மட்டும் திருப்பிக் குடுத்துட்டாரு.

"பிளாஸ்டிக் ஒட்டினதுலாம் நம்மகிட்ட ஓடாதும்மா. மத்ததெல்லாம் ஓகே. இந்தா, செவப்பு பேசினு. வெய்ட்டான ஐட்டம்."

பேசின தட்டிப் பாத்தேன். டம்முனு சத்தம். ரெக்சின் பைய ஒதறி வெயில்ல போட்டேன். பூச்சி ஊட விட்டுப் போச்சு. மனசு அப்படியே காத்து மாதிரி ஆயிடுச்சு.

அந்தக் காத்து சரியா அரை மணி நேரம் அடிச்சுது.

எங்க ஊட்டுக்காரரு இங்க ஒரு இரும்பு கம்பெனில லேத்து மெஷின் ஓட்டற டர்னரு. அஞ்சு வருஷமா காண்ட்ராக்டு. பர்மனென்ட் இந்தா வருது, அந்தா வருதுன்னு, என் வயித்துல இருந்த பாப்பா வெளிய வந்து, நடந்து, பேசவும் ஆரம்பிச்சிடுச்சு. அதுதான் வரல. அன்னிக்கு மனுஷன் ஃபர்ஸ்ட் ஷிப்டு முடிச்சு தெருமுனைல இருந்தே சைக்கிள் பெல்ல அடிச்சிக்கினு வர்றாரு.

"செல்வி! பர்மனென்டுக்கு என் பேரு வந்துடுச்சு! நாளிக்கு பத்து மணிக்கு வெரிஃபிகேஷன். ஐ.டி.ஐ. ஒரிஜினல் எடுத்துக்கினு வரச் சொல்லிட்டாங்கோ!"

எனக்கு சந்தோஷம் தாங்கல. ஓடிப்போயி சி.டி.ய எடுத்துக்கினு வந்து நீட்னேன்.

"இன்னாது, பாட்டு சி.டி.யா?"

"உங்க ஒரிஜினலு."

அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கல. அவரும் நிறுத்திட்டாரு.

எங்க ஊட்ல கம்ப்யூட்டர் கெடையாது. டி.வி.டி. பிளேயர் இருக்கு. அதுல போட்டோம். ஓடுச்சு! முதல்ல குக்கர் வாரண்டி வந்துச்சு. அப்புறம் கேஸ் ரசீது, கேஸ் ரசீது, கேஸ் ரசீதுன்னு ஒம்போது தடவ வந்துச்சு. அப்புறம் அவரோட பத்தாங்கிளாஸ் மார்க்கு டி.வி. முழுக்க பெருசா வந்துச்சு.

"அப்பா, மூணு! அஞ்சு!"ன்னு பாப்பா கணக்கு மார்க்கத் தொட்டுக் காட்டுது.

"இத்த யாரு உன்ன ஸ்கேன் பண்ணச் சொன்னது?"ன்னாரு பல்லக் கடிச்சிக்கினு.

கடைசில ஐ.டி.ஐ. சர்டிபிகேட் வந்துச்சு. படுத்துக்கினு வந்துச்சு. மனுஷன் கழுத்த சாச்சு சாச்சுப் படிச்சாரு.

"பாத்தீங்களா, எவ்ளோ தெளிவா கீது"ன்னேன்.

"தெளிவா கீது. நாளிக்கு இந்த டி.வி.ய தலைல வச்சிக்கினு போயி ஆபீசர் மேசைல எறக்கட்டுமா? ஒயரு நீ புடிச்சிக்கினு வர்றியா?"

நான் பச்சை மை ஜெராக்ஸ நீட்னேன். எட்டாங்கிளாஸ் கதைய முழுசாச் சொன்னேன். அவரு அப்படியே தரைல உக்காந்துட்டாரு. கத்தல. கத்தியிருந்தாக்கூட எனக்குப் பரவால்ல. "டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போட்டா மாசக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்ட்ருவாங்க"ன்னு செவுத்தப் பாத்துச் சொன்னாரு. அஞ்சு வருஷத்த நான் ஒரு பேசினுக்குப் போட்ருக்கேன்னு அப்பதான் எனக்கு ஒறச்சுது.

"கெளம்புங்க"ன்னேன். "ஏழுமலை அண்ணன் இந்நேரம் ரயில்வே கேட்டாண்டதான் இருப்பாரு."

சைக்கிள்ல முன்னாடி பாப்பா, பின்னாடி நான், என் மடில பேசினு. திருப்பிக் குடுத்தா மனசு எறங்குவாருல்ல? வழியெல்லாம் எதிர்ல வந்தவங்க "இன்னாமா, கெணறு வெட்டப் போறியா?"ன்னு கேட்டுக்கினே போனாங்க.

ஏழுமலை அண்ணன் கேட்டாண்ட டீ குடிச்சிக்கினு இருந்தாரு. வண்டி காலி.

"பேப்பரா? அதெல்லாம் கவரைப்பேட்டை குடோனு வேன்ல ஏத்தி வுட்டாச்சேம்மா."

எங்க ஊட்டுக்காரரு சைக்கிள ஸ்டாண்டு போடாமயே விட்டுட்டாரு. அது பாட்டுக்கு சாஞ்சுது.

"அதுல ஒரு கெட்டிப் பேப்பரு, பழுப்பா, டீ கறையோட..."

"கெட்டிப் பேப்பரா? அத்த குடோனுக்குப் போடறது இல்ல. நம்ம டெய்லரு ஜரீனா அக்கா கேட்டு வச்சிருந்தாங்கோ. ஜாக்கெட்டு அச்சு வெட்றதுக்கு. இப்பதான் குடுத்துட்டு வர்றேன்." அப்புறம் என் மடியப் பாத்தாரு. "பேசின ஏன் தூக்கினு வந்த? ரிட்டன்லாம் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

வெட்றதுக்கு! அந்த ஒரு வார்த்த போதும். மனுஷன் சைக்கிள மிதிச்ச மிதிக்கு பாப்பா கைதட்டுது.

ஜரீனா அக்கா கடை பஜார் மசூதி பக்கத்து சந்துல. உள்ள போனா, மேசை மேல சர்டிபிகேட்டு நடுவுல மடிச்சுக் கெடக்குது. அக்கா கைல கத்திரி. வாயத் தொறந்து நிக்குது கத்திரி.

"அக்கா! கத்திரிய கீழ வைங்க!"

"யா அல்லா! ஏம்மா இப்டி கத்துற? இன்னா பேஜாரு உனக்கு?"

"அது இவரோட சர்டிபிகேட்டு!"

அக்கா மடிப்பப் பிரிச்சாங்க. திருப்பிப் பாத்தாங்க. எங்க ஊட்டுக்காரரப் பாத்தாங்க.

"படிச்சு வாங்கினத பேப்பர்காரனாண்ட போடுவாங்களா தம்பி?"

"நான் போடல அக்கா"ன்னாரு. அந்த 'நான்'ல ஒரு அழுத்தம் இருந்துச்சே!

"இப்பதான் ஜாக்கெட்டு முதுகுக்கு பானைக்கழுத்து அச்சு வரஞ்சேன். சாயந்தரம் கல்யாண ஜாக்கெட்டு வெட்டணும். இதே கெட்டில வேற பேப்பர் குடு, எடுத்துக்கினு போ."

சுத்திமுத்திப் பாத்தேன். அவங்க கடை செவுத்துலயே ஒரு காலண்டரு. கெட்டி அட்டை. அத எடுத்து நீட்னேன். தேதி கிழிக்க இன்னும் பாதி வருஷம் பாக்கி இருக்குன்னு மொணகிக்கினே அக்கா அந்த பானைக்கழுத்த அதுல பாத்து வரஞ்சிக்கினாங்க. சர்டிபிகேட்டு முழுசா எங்க கைக்கு வந்துடுச்சு!

முழுசான்னா, முன்பக்கம் முழுசா. பின்பக்கத்துல பானைக்கழுத்து. பால் பாயிண்ட் பேனால. நடுவுல ஒரு கோடு, அதுல இருந்து வளைஞ்சு வளைஞ்சு போற பாதிக் கழுத்து, பக்கத்துல அம்புக்குறி போட்டு ஏழரை, மூணே கால்னு அளவு.

ஊட்டுக்கு வந்து ரப்பர் போட்டேன். மை போவல. பேப்பர் போவப் பாத்துச்சு. "வுட்ரு செல்வி. நீ இதுக்கு செஞ்சது போதும்"னு புடுங்கி வச்சிக்கினாரு.

மறுநாள் காலைல கெளம்பும்போது, "யாராச்சும் கேட்டா இன்னாங்க சொல்வீங்க?"ன்னேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்வேன். பொய்யி மட்டும் எனக்கு வராது."

அதுதாங்க எனக்கு பயம்.

மத்தியானம் வரைக்கும் நான் பேசின தேய்ச்சுக் கழுவுனேன். மூணு தடவ கழுவுனேன். வந்தாரு. முகத்துல ஒண்ணும் தெரியல. சட்டைய கழட்டி மாட்டிட்டு, நிதானமாச் சொன்னாரு.

ஆபீசரு முன்பக்கத்த ஒரு பார்வ பாத்தாராம். திருப்புனாராம். அங்க நின்னுட்டாராம்.

"இது நீ வரஞ்சதா?"

"இல்ல சார். தெரிஞ்சவங்க வரஞ்சது."

"கர்வ் நல்லா வந்திருக்கே. சென்டர் லைன் போட்டு பாதிதான் வரஞ்சிருக்கு. அந்தப் பக்கமும் இதே மாதிரிதானா?"

"ஆமா சார். ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் சார். மாறுனா பார்ட்டி ஒத்துக்க மாட்டாங்க."

"அளவுலாம் இஞ்ச்ல இருக்கே?"

"அந்த லைன்ல இஞ்ச்தான் சார் பழக்கம்."

"மெட்டீரியல் எழுதலியே?"

"மெட்டீரியல் கஸ்டமரே குடுத்துருவாங்க சார். நம்ம வேலை கட்டிங் மட்டும்தான்."

ஆபீசரு தலைய ஆட்டிட்டு, "வேலைய கவனிச்சு வச்சிருக்கே, குட்"னு டிக்கு அடிச்சிட்டாராம்! மனுஷன் ஒரு வார்த்த பொய்யி சொல்லல. என்னால நம்பவே முடியல. பாப்பாவ தூக்கி ஒரு சுத்து சுத்துனேன்.

"ஒரிஜினல் எங்க? அவங்களே வச்சிக்கினாங்களா?"ன்னேன்.

"அத்த அப்பவே கைல குடுத்துட்டாங்கோ. ஃபைல்ல வைக்கறதுக்கு பச்சை மை போட்ட ஜெராக்ஸ் ரெண்டு செட்டு கேட்டாங்கோ."

சொல்லிட்டு என் முகத்தப் பாக்காம திரும்பிக்கினாரு பாருங்க, அது போதும் எனக்கு!

சர்டிபிகேட்டு திரும்பவும் ரெக்சின் பைக்குள்ள போச்சு. பை பீரோ மேல. பூச்சியும் வந்துடுச்சு. 'செல்வி குடும்பம்' சி.டி. அவரு சைக்கிள் மட்கார்டுல தொங்கிக்கினு, லாரிக்காரங்களுக்கு வெளிச்சம் காட்டுது.

போன வாரம் ஜரீனா அக்கா வாசல்ல வந்து நின்னாங்க. காலண்டர்ல பாத்து வரஞ்சது ஒரு பக்கம் கோணிக்கிச்சாம். முதல்ல வரஞ்சதுதான் சரியா இருந்துச்சாம்.

"தம்பி சர்டிபிகேட்டு பின்னாடி இருக்கே, அத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடேன்மா."

"குடுத்துடலாம் அக்கா. பச்சை மைல கையெழுத்து வேணுமா?"ன்னு கேட்டேன்.