பத்தேகால் மணி மறுப்பு

வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் பிஷ்கெக் நகரத்தில் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத சட்டம். புத்தகத்தில் எழுதிய சட்டங்களை நாங்கள் மதிக்கிற அழகு ஊருக்கே தெரியும். இது ஒன்றை மட்டும் மீற மாட்டோம். ஓவியர் துர்துபெக்கும் மீறவில்லை. மீறியிருந்தால் பிழைத்திருப்பார்.

அந்த ஆண்டு அரசாங்கத்தில் புதிதாக ஒரு துறை பிறந்திருந்தது. பெயர், படைப்புச் செயல்முறை ஒழுங்காற்றுத் துறை. நாட்டில் ஓவியர்கள் படம் வரைகிறார்கள், ஆனால் எப்படி வரைகிறார்கள் என்பதற்கு அரசிடம் ஒரு தாள்கூட இல்லை என்ற அவலம் திடீரென்று யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. எனவே முதல் பணியாக, சமகால ஓவியர்களுடன் உரையாடல்கள் அடங்கிய தடித்த நூல் ஒன்று வெளியிடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. பேட்டி எடுக்க குந்தூஸ் என்ற பெண்ணை நியமித்தார்கள். நல்ல பெண். ஆளுக்கு எட்டுப் பக்கம் நிரப்பாவிட்டால் வேலை போய்விடும் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

துர்துபெக்கின் அறை ஓவியர் இல்லத்தின் நான்காம் மாடியில் இருந்தது. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். இருபத்திரண்டு வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் அவர் வரைகிறார். அப்போது இரண்டு வருஷமாக ஒரே படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான்கு முழ அகலம். வலது கீழ் மூலை மட்டும்தான் பாக்கி. இன்னும் இருபது நாள் நல்ல வெளிச்சம் கிடைத்தால் முடிந்துவிடும், பிறகு செத்தாலும் பரவாயில்லை என்று மனைவி ஷார்கானிடம் சொல்லியிருந்தார். முடிச்சுட்டு முதல்ல சமையலறைக்கு வெள்ளையடிங்க, அப்புறம் சாகலாம் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள்.

குந்தூஸ் வந்ததும் துர்துபெக் தேநீர் ஊற்றினார். ரொட்டியைப் பிய்த்து வைத்து, ஆப்ரிகாட் பழ ஜாமை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அண்ணே, நீங்க எப்படி வரையுறீங்க?"

"காலையில வருவேன். டீ குடிப்பேன். வரைவேன். வெளிச்சம் போனா வீட்டுக்குப் போயிருவேன்."

அவள் எழுதினாள். ஒரு வரிகூட நிறையவில்லை.

"அவ்வளவுதானா?"

"சில நாள் ரெண்டு டீ."

"மத்தவங்கல்லாம் சின்ன வயசுல பட்ட வேதனையைச் சொன்னாங்கண்ணே. எட்டுப் பக்கம் தானா வந்துருச்சு. உங்களுக்கு வேதனை ஏதாவது இருக்கா?"

"முழங்கால்ல இருக்கு."

"அது கலையில சேராதுண்ணே."

பாவம், அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. தேநீரைக்கூடத் தொடவில்லை. துர்துபெக்குக்குச் சங்கடமாக இருந்தது. ஒன்றைத் தேடித் தன் அறைக்கு வந்தவள், அது இல்லாமல் படியிறங்கிப் போவதா?

"சரி, எழுதிக்கோ" என்றார். "விடியுறதுக்கு முன்னாடி ஆத்துல இறங்கி வெறுங்காலோட நிப்பேன். கால் மரத்துப்போற வரைக்கும். குளிர் கால்ல ஏறினாத்தான் நிறம் கையில இறங்கும்."

குந்தூஸின் பேனா பறந்தது.

"அப்புறம்ணே?"

"அப்புறம் ஒரு குதிரைகிட்ட போய், அன்னிக்கு என்ன வரையப்போறேன்னு காதுல சொல்வேன். அது தலையை ஆட்டலேன்னா அன்னிக்குத் தூரிகையைத் தொட மாட்டேன்."

"அப்புறம்?"

"மதியம் மூணு மணி வரைக்கும் மௌனம். பொண்டாட்டிகிட்டகூடப் பேச மாட்டேன். அது முடியாம இந்த அறைக்குள்ளயும் வர மாட்டேன்."

குந்தூஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு பக்கம் வந்தது. ஜாமையும் காலி செய்துவிட்டுப் போனாள். துர்துபெக்கிடம் குதிரை கிடையாது. பழைய கார் ஒன்று உண்டு, அதுவும் தலையை ஆட்டாது. ஆற்றுப் பக்கம் அவர் போய் ஆறு வருஷம் இருக்கும். ஆனால் விருந்தாளி திருப்தியாகப் போனாள் என்ற நிம்மதியில் அன்று மாலை வரை விசில் அடித்துக்கொண்டே வரைந்தார்.

புத்தகம் வந்தது. துறையின் இயக்குநர் இசாபெக் ஜுமாலியெவிச் அதைப் படித்தார். அதிகாரிகள் படிக்க ஆரம்பித்தால் நாட்டுக்கு நல்லதல்ல என்று நான் எப்போதும் சொல்வேன், யார் கேட்கிறார்கள்? மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. ஓவியர் இல்லத்தில் அறை வைத்திருப்போர் அனைவரும் தத்தம் படைப்புச் செயல்முறையை உரிய படிவத்தில் மூன்று பிரதிகளாகப் பதிவு செய்து, நேரடி ஆய்வுக்கு உட்பட வேண்டியது. தவறுவோரின் அறை மீட்கப்பட்டு, செயல்முறை ஆலோசகர்களுக்கு ஒதுக்கப்படும். முன்மாதிரிச் செயல்முறை: துர்துபெக் அவர்களுடையது, பக்கம் 94 முதல் 104 வரை.

அன்று மாலையே மூன்றாம் மாடி ஓவியர் ஷாயிர்குல் படியேறி வந்தாள். தூரிகையைக் கழுவாமலே கையில் பிடித்திருந்தாள்.

"ஏன்யா, நீ உளறின உளறலுக்கு நான் ஆத்துல நிக்கணுமா?"

"அந்தப் பொண்ணு அழுற மாதிரி இருந்துச்சு அக்கா."

"அழட்டுமே. நானும் இப்ப அழத்தான் போறேன், எனக்கு என்ன தருவ?"

துர்துபெக் அவளுக்கும் ஒரு தேநீர் ஊற்றினார். ஷாயிர்குல் படிவத்தில் 'தூரிகையைத் தோய்ப்பேன், தேய்ப்பேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். செயல்முறை போதாமை என்ற காரணத்தால் ஒரே வாரத்தில் அவள் அறை போயிற்று. படங்களை ஒவ்வொன்றாகச் சுமந்து தங்கையின் கார் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். படி இறங்கும்போது யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

அதைப் பார்த்ததும் துர்துபெக் தன் படத்தின் முன் போய் நின்றார். வலது கீழ் மூலை இன்னும் அப்படியே கிடக்கிறது. இந்த ஜன்னல் போனால் அந்தப் படமும் போச்சு.

"என்ன செய்யப்போறீங்க?" என்றாள் ஷார்கான்.

"நிக்க வேண்டியதுதான். ஆய்வு முடியுற வரைக்கும்தானே."

"முழங்காலு?"

"அது கலையில சேராதாம்."

"அந்த மௌனம் மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆய்வு முடிஞ்சாலும் அதை விட்றாதீங்க" என்றாள் ஷார்கான்.

பிப்ரவரி மாதம். மூன்று பேர் கொண்ட ஆய்வுக்குழு கரையில் தோல் கோட்டு போட்டுக்கொண்டு நின்றது. துர்துபெக் பனிக்கட்டியை விலக்கித் தண்ணீரில் இறங்கினார். ஒருவர் கடிகாரத்தைப் பிடித்தார். இன்னொருவர் கால் மரத்துவிட்டதா என்று சோதிக்க ஊசி கொண்டுவந்திருந்தார். சித்தப்பா மகனிடம் இரவல் வாங்கிய குதிரைக்குக் கால்நடை மருத்துவர் கலைத்தகுதிச் சான்று கொடுத்திருந்தார். துர்துபெக் அதன் காதருகே குனிந்தார். குதிரை தலையை ஆட்டியது. ஈ உட்கார்ந்தாலும் ஆட்டுகிற குதிரை அது. ஆனால் பிப்ரவரியில் ஈ ஏது என்று குழு பதிவு செய்துகொண்டது. மூன்று மணிக்கு மௌனம் முடிந்து அவர் அறைக்கு ஏறி வந்து, வண்ணம் குழைத்துத் தூரிகையை எடுத்தபோது நாலரை. வெளிச்சம் போய்விட்டது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் துர்துபெக்.

"எங்க வேலை முடிஞ்சுது" என்றார் குழுத்தலைவர். "செயல்முறை நூற்றுக்கு நூறு."

"படம்?"

அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

சான்றிதழ் ஓராண்டுக்குச் செல்லும், ஆனால் செயல்முறை நாள்தோறும் கடைப்பிடிக்கப்படும் பட்சத்தில் மட்டுமே என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. கண்காணிக்கக் கரையில் ஒரு காவலாளியைப் போட்டார்கள். இதற்குள் ஊரும் சும்மா இருக்கவில்லை. ஓவியர்கள் விடிகாலையில் ஆற்றங்கரையில் வரிசையில் நின்றார்கள், டோக்கன் கொடுக்கப்பட்டது. உணவகங்களில் இளம் ஓவியர்கள் செருப்பைக் கழற்றி வெடித்த விரல்களைக் காட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஓவியமே வரையாதவர்களும் வந்தார்கள். வங்கி மேலாளர்கள், பல் மருத்துவர்கள், மந்திரியின் மருமகள். ஆற்றில் நிற்பதற்குப் பயிற்சி வகுப்பு, அதற்கு ஒரு தனிக் கம்பளித் தொப்பி, ரோமக் கோட்டோடு ஒரு புகைப்படம். பெண் பார்க்கப் போகிற இடத்தில், பையன் தினமும் ஆத்துல நிக்கிறானா என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

துர்துபெக்குக்கு நாளொன்றுக்கு ஒரு நிமிஷம்கூட வெளிச்சம் மிஞ்சவில்லை. மூன்று வாரம் பொறுத்தார். தட்டில் வண்ணம் காய்ந்து ஓடுபோல உரிந்தது. அதைப் பார்த்த மறுநாள் காலை ஆற்றிலிருந்து ஏறினார். மௌன நேரம் என்றும் பார்க்காமல் நேரே இயக்குநர் அறைக்குள் போய் நின்றார்.

"ஐயா, அதெல்லாம் பொய். ஆறும் பொய், குதிரையும் பொய். நான் டீ குடிச்சுட்டு வரையுறவன். என்னைத் தண்டிச்சுக்கோங்க. படத்தை முடிக்க இருபது நாள் மட்டும் விடுங்க."

இசாபெக் ஜுமாலியெவிச் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் கண்ணில் நீர் கோத்தது.

"இதுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றார்.

"எதுக்காக?"

"பெரிய கலைஞன் ஒரு கட்டத்துல தன்னையே மறுப்பான். கமிட்டியில நான் அடிச்சுச் சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. மறுப்பு எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"என்ன ஐயா?"

"இந்த மறுப்பு. மணி?"

துர்துபெக் தன்னை அறியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "பத்தேகால்."

"பத்தேகால்" என்று இயக்குநர் எழுதிக்கொண்டார். "தினமும் பத்தேகாலுக்குத்தானா, இல்ல வாரத்துக்கு ஒரு தடவையா?"

"ஐயா, நான் உண்மையைச் சொல்றேன்."

"உணர்ச்சியோட சொல்றீங்க. அதையும் எழுதிக்கிறேன்."

மறுநாளிலிருந்து செயல்முறையில் நான்காவது அங்கம் சேர்ந்தது. துர்துபெக் தினமும் காலை பத்தேகாலுக்குத் துறை அலுவலகத்துக்கு வந்து, மேற்படி அனைத்தும் பொய் என்று அறிவித்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அந்த நேரம் மௌனத்துக்குள் வருகிறதே என்று ஒரு எழுத்தர் ஆட்சேபித்தார். மூன்று நாள் கூடிப் பேசி, மறுப்பைத் தலையசைப்பால் தெரிவிக்கலாம் என்று திருத்தம் வந்தது. பிறகு மற்ற ஓவியர்களும் அங்கே வரிசையில் நின்று மறுக்க ஆரம்பித்தார்கள். பத்தேகாலுக்கு மறுப்பது, பத்தரைக்கு அதே தெருவில் கேக் சாப்பிடுவது என்று அதுவும் நாகரிகமாகிவிட்டது.

"கொட்டகையில ஷாயிர்குல் என்ன பண்றா?" என்று ஒருநாள் ஷார்கானிடம் கேட்டார்.

"வரையுறா. வேறென்ன பண்ணுவா?"

"வெளிச்சம்?"

"கதவைத் திறந்து வச்சிருக்கா. குளிரு கொல்லுதாம், உங்களைத் திட்டிக்கிட்டே வரையுறா. நல்லா வருதுன்னு சொன்னா."

அன்றே தன் படத்தையும் அங்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தார். கொட்டகையானால் என்ன, வெளிச்சம் வெளிச்சம்தான். புத்தி கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். மறுநாள் சாக்குத் துணியோடு நான்காம் மாடி ஏறியபோது அறை வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அது மக்கள் முன்னோடி ஓவியர் துர்துபெக் நினைவறையாம்.

"நான் இன்னும் சாகலையே" என்றார் கயிற்றுக்குக் காவலிருந்த பெண்ணிடம்.

"அதனால என்ன, அறை தயாராயிருச்சு. வாழ்த்துகள் அண்ணே."

"என் படத்தை எடுத்துட்டுப் போகணும்."

"சரக்குப் பட்டியல்ல ஏறியிருச்சே. பொருள் எண் முப்பத்தேழு. நாற்காலி முப்பத்தாறு."

"சரி, உள்ள உட்கார்ந்து வரையலாமா?"

அந்தப் பெண் சட்டைப் பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்துப் பார்த்தாள். "கயித்துக்கு இந்தப் பக்கம் பார்வையாளர். அந்தப் பக்கம் காட்சிப்பொருள். காட்சிப்பொருளை யாரும் தொடக் கூடாது, காட்சிப்பொருள்களும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. நீங்க எதுல வர்றீங்க?"

துர்துபெக் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாக்குத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். செயல்முறையின் நான்கு அங்கங்களிலும் அழுகை இல்லாததால் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் கூட்டம் தாங்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், வெளிநாட்டுத் தூதுவர்கள் வருகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசி இருக்கிறது. குதிரையின் சான்றிதழ் இருக்கிறது. வடக்கு ஜன்னலை மறைத்து, செயல்முறையின் நான்கு அங்கங்களையும் விளக்குகிற பலகை நிற்கிறது. பலகைக்கு இடம் போதவில்லை என்று நான்கு முழப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். துர்துபெக்கும் வருகிறார், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு. கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது அவருக்கு விதிக்கப்பட்ட கடமை. தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்கிறார்கள். குதிரை என்ன நிறம் என்று கேட்கிறார்கள். மூன்று மணி வரை பேசாமலிருந்தால் மனைவி என்ன சொல்வாள் என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று இன்றுவரை ஒருவர் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இவ்வளவு நேரம் கதை கேட்டீர்கள், நீங்களும்தான் கேட்கவில்லை.