சாம்பிள் மேல் ஏறிய ஜீப்

பொருளைப் பத்திரமாக ஒளித்து வைப்பதில் நான் கெட்டிக்காரி. எங்கே ஒளித்தேன் என்பதுதான் சமயத்தில் ஞாபகம் வராது. (பத்து வருடமாக என் வீட்டுக்காரர் சொல்வது இது. நான் ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை.)

மண்ணரையில் எங்களுக்குச் சின்ன பனியன் கம்பெனி. சரக்கு வாங்க வந்த புது பையர் ஒருவருக்காக ஆறு டி-ஷர்ட் சாம்பிள் தைத்திருந்தேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அது பிடித்தால்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் அந்த சீசனில் எங்கள் ஆட்களுக்கு வேலை. டிசைன் யார் கண்ணிலும் படக்கூடாதென்று கட்டிங் வேஸ்ட் சாக்குக்குள் செருகி, சாக்கை ஜீப்பின் பின்னால் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரில் ஒரு விருந்து. திரும்பும் வழியில் ஒரு கரடு, சின்னக் குன்று. மேலே ஏறும் கல்லுப் பாதை அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. வாங்கி ஒரு மாதமே ஆன ஃபோர் வீல் ஜீப் கையில் இருக்கும்போது சும்மா இருப்பேனா? பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். நாலு சக்கரமும் இழுக்கும் என்று பீற்றிக்கொண்டு ஏற்றினேன். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பின் சக்கரங்கள் சரளையில் சும்மா சுழன்றன.

சக்கரத்துக்கு அடியில் வேஸ்ட் துணியைப் போடச் சொல்லி, சீட்டில் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டேன். அவர் இறங்கிச் சாக்கைக் கொட்டினார்.

“ஏம்புள்ள, இதுல தெச்ச துணியெல்லாம் கெடக்குது. அதையும் போட்டறதா?”

“கேள்வி கேக்காம அத்தனையும் போடுங்க.”

போட்டார். ஜீப் துள்ளி ஏறியது. உச்சியில் நல்ல காற்று. எனக்கு மகாராணி நினைப்பு. வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தவர், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லிவர் எதற்கு என்று கேட்டார். அதைப் போட்டால்தான் நாலு சக்கரமும் இழுக்கும். நான் போடவே இல்லை. அசடு வழிய வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன். செம்மண்ணில் மஞ்சளும் நீலமுமாக ஆறு டி-ஷர்ட். அழுகை வந்துவிட்டது.

அவர் போய் ஒவ்வொன்றாக எடுத்து உதறி, இழுத்துப் பார்த்தார்.

“அழுவாத புள்ள. ஒரு தையல்கூடப் பிரியல, பாரு.”

மறுநாள் டயர் அச்சோடு அந்த ஆறையும் பையரின் ஆபீசுக்கே கொண்டுபோய் உண்மையைச் சொன்னேன். மானேஜர் சிரித்து முடிக்கவே வெகு நேரம் ஆனது. வேறு தைத்துத் தர இரண்டு நாள் கொடுத்தார். ஆர்டரும் கிடைத்தது.

இப்போதும் கம்பெனிக்குப் புதிதாக வரும் பையர்கள் தையல் தாங்குமா என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொள்கிறார்:

“தாங்குமுங்க. எங்கூட்டுக்காரி ஜீப்பையே ஏத்திப் பாத்துட்டாளுங்க.”