வாள் சொன்ன தீர்ப்பு

ஏழு வருடங்கள் கவனித்திருக்கிறேன்: கடற்படை வழக்குகளை மேற்பார்வையிட லண்டனில் மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் புறப்படும்போதெல்லாம் திரு. ஹெஸ்கெத், "கரைக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார். போர்க்கப்பலில் கால் வைத்தவரில்லை. வைட் தீவுக்குப் போகும் படகில் ஒருமுறை ஏறி, அதன் கயிற்றை அவிழ்க்கும் முன்பே வாந்தியெடுத்தவர்.

"கரை ரொம்ப தூரமாச்சே ஐயா, குடையை எடுத்துக்குங்க" என்பார் தட்டச்சு செய்யும் பக்கிள் அம்மாள்.

வாசகரே, இவர்தான் மேற்பார்வையாளர் என்னும் இனம்.

கடற்படைக்காரர்களே குற்றம் சாட்டி, அவர்களே விசாரித்து, அவர்களே தண்டித்தால் நியாயம் எங்கே நிற்கும், சீருடை போடாத, சட்டம் படித்த ஒருவர் தள்ளி உட்கார்ந்து பார்க்கட்டும் என்று யாரோ ஒரு நல்லவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நினைத்ததில் பிறந்தது அவருடைய நாற்காலி. நல்ல எண்ணம்தான். அதில் அமர்ந்தவர்களோ 'தள்ளி உட்கார்ந்து' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பாய்மரம் போய் நீராவி வந்தது, நீராவி போய் அணு வந்தது, சாட்டையடி நின்றது, கோப்புகளின் கடைசி வரி மட்டும் மாறவில்லை: "பார்த்தேன். குறுக்கிட ஏதுமில்லை."

ஏதாவது இருந்தால்? அதற்கும் அதே வரிதான்.

போர்ட்ஸ்மத் துறைமுகச் சுவரில் கப்பலை உரசிவிட்டதாக லெப்டினன்ட் ட்ரெலோர் மேல் வழக்கு. விசாரிக்கப்படும் அதிகாரியின் வாள் மேசைமேல் கிடப்பது அந்நாளைய வழக்கம். தீர்ப்புக்காக அவர் உள்ளே வரும்போது முனை அவரைப் பார்த்தால் குற்றவாளி. கைப்பிடி பார்த்தால் விடுதலை. ஐந்து நடுவர்களும் விடுதலை என்று முடிவு செய்து, கைப்பிடியை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சற்றே காலாற வெளியே போனார்கள். டீத் தட்டு வைக்க இடம் போதவில்லை. பரிசாரகர் வாளைத் திருப்பினார். திரும்பி வந்த நடுவர் குழுத் தலைவர் வாசல் பக்கம் முனையைப் பார்த்தார். தான் கழிப்பறையில் இருந்தபோது மற்ற நால்வரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தார். நால்வரும் தலைவர் மாறிவிட்டார் என்று நினைத்தார்கள். கேட்பது மரியாதையா? "குற்றவாளி" என்று வாசித்தார் தலைவர். ட்ரெலோரின் கப்பல் போயிற்று, பெயரும் போயிற்று.

நடுவர்கள், பரிசாரகர் எல்லாருடைய வாக்குமூலத்தோடும் கோப்பு எங்களிடம் வந்தது. ஹெஸ்கெத் மூன்று வாரம் படித்து நாலு காற்புள்ளிகளைத் திருத்தினார். ட்ரெலோர் நேரிலேயே வந்துவிட்டார்.

"ஐயா, அஞ்சு பேருமே நான் குத்தவாளி இல்லைன்னுதான் முடிவு பண்ணாங்க."

"வாள் அப்படிச் சொல்லலையே, தம்பி."

"வாளைத் திருப்பினது டீத் தட்டுங்க!"

"டீயைப் பத்தி விதியில ஒண்ணுமே இல்ல. இருநூறு வருஷத்துல வாள் தப்புப் பண்ணினதா ஒரு கோப்பு கிடையாது."

"இந்த மாதிரி தப்பைப் பார்க்கத்தானே உங்களை வச்சிருக்காங்க?"

"அதான் பார்த்தேனே!" என்ற ஹெஸ்கெத் உண்மையிலேயே மனம் நொந்துபோனார்.

"சரி, தீர்ப்பை மாத்த வேணாம். அந்த அஞ்சு பேர் சொன்னதை ஒரே வரியில எழுதிக் குடுங்க. எங்கப்பாகிட்ட காட்டணும். அவரும் கடற்படைதான். எங்கூடப் பேச்சை நிறுத்திட்டாரு."

"எழுதி அனுப்பறேன்" என்றார் ஹெஸ்கெத்.

சில ஆண்டுகளில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். "என் காலத்தில் இந்த அலுவலகம் ஒருமுறைகூட மூழ்கவில்லை" என்று விடைபெறும் கூட்டத்தில் பேசிவிட்டு ஹெஸ்கெத் ஓய்வு பெற்றார். அந்த ஒரு வரி எழுதப்படாமலேயே ட்ரெலோரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ஒரு வரி எழுதத் தெரியாதா? தெரியும். எழுத எனக்கு அதிகாரம் உண்டா என்று மேலிடத்தைக் கேட்டிருக்கிறேன். கேட்டு நான்கு வருடமாகிறது.

சிரிக்கிறீர்களா? யாருக்கோ நீங்கள் எழுத வேண்டிய ஒரு வரி உங்கள் இழுப்பறையில் கிடக்கவில்லை என்று சத்தியம் செய்யுங்கள் பார்ப்போம்.

ட்ரெலோரின் அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. அவருக்கு இன்னும் எதுவும் போய்ச் சேரவில்லை.