பானெட்டின் மேல் ஒரு கை

கடலோரத்தில் கார் வைத்திருப்பவனுக்கு நிம்மதி கிடையாது. உப்புக்காற்றுக்குப் பல் உண்டு என்பது ஞானதாஸின் கட்சி. முதலில் ஜன்னல் கம்பியைக் கடிக்கும், அப்புறம் கேட்டைத் தின்னும், கடைசியில் காரிடம் வரும்.

மாமல்லபுரத்தில் அவன் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஸ்டான்லியின் சிற்பப் பட்டறை. கடல் உப்பை அனுப்பியது. பட்டறை கல்தூளை அனுப்பியது. நடுவில் கறுப்பாக, கன்னம்போல வழவழப்பாக, அந்தக் கார் நின்றது. பழைய கார்தான்.

"ஒரே ஓனர் சார். அவரு மட்டும்தான் ஓட்டினாரு. வூட்டம்மா கைகூட வெச்சதில்ல" என்று சொல்லித்தான் தரகர் அதை விற்றார். அந்த வாக்கியம் ஞானதாஸுக்குக் காரைவிடப் பிடித்துப்போயிற்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு மனைவி பொன்னியை ஒரு பார்வை பார்ப்பான்.

பொன்னி செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கார் வாங்கும்போது வங்கி நம்பியது அவள் சம்பளத்தைத்தான். சாவி மட்டும் அவன் கால்சட்டைப் பையில். குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் சாவி இருக்கும்.

கார்த்திகை மழை தொடங்கிய வாரம் அவன் சபதம் செய்தான்.

"இன்னிலேர்ந்து இந்தக் கார் மேல ஒரு வெரல் படக் கூடாது."

"அப்போ கதவ எப்படித் தொறக்கறது?"

"நான் தொறப்பேன். நீ எதுக்குத் தொறக்கற?"

"டூட்டிக்குப் போக. திருக்கழுக்குன்றம் பஸ்ல நின்னுகினே போயி நின்னுகினே வரேன். வார்டுலயும் நிக்கறேன். நேத்து நனஞ்ச பொடவ இன்னும் காயல. எனக்கு லைசென்ஸ் கீதுங்க."

"லைசென்ஸ் கீது. கை?"

"கைக்கு இன்னா?"

"வளையல். மோதிரம். எல்லாம் கீறும். செராமிக் வாக்ஸ் போட்டு அது இறுகட்டும். அப்புறம் யோசிக்கலாம்."

பொன்னி ஒன்றும் சொல்லாமல் ஈரப் புடவையைக் கொடியில் திருப்பிப் போட்டாள். பேசாத பெண்ணைக் கண்டால் ஆண்கள் தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். கடல் உள்வாங்கும்போதும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

கார் வந்த அன்றைக்கே ஒரு தகராறு நடந்திருந்தது. சபைப் போதகர் ஜெபம் செய்து, வழக்கப்படி பானெட்டில் சிலுவை போட எண்ணெய் தொட்ட விரலை நீட்டினார். ஞானதாஸ் அந்த விரலை அந்தரத்திலேயே பிடித்துவிட்டான்.

"ஐயரே, பெயிண்ட் மேல வேணாம். எண்ணெய் கறை புடிச்சிக்கும். டயர்ல போட்டுடுங்க."

நாற்பது வருஷ ஊழியத்தில் அவர் டயருக்கு அபிஷேகம் செய்ததில்லை. குனிந்து, மூச்சு வாங்க, டயரில் சிலுவை போட்டார். பொன்னிக்கு அன்று முகம் செத்துப்போயிற்று.

வாக்ஸ் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. செங்கல்பட்டில் கார் அலங்காரக் கடை வைத்திருந்த தாமோதரன் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தான். ஒன்று தங்க நிற டப்பாவில் களிம்பு. ஒன்று நீல பாட்டிலில் பால்போல. ஒன்று தெளிக்கிறது.

"மூணுலயும் செராமிக் கலந்து கீது அண்ணாத்த. பெயிண்ட் மேல கண்ணாடித் தோல் மாதிரி நிக்கும். தண்ணி பட்டா உருண்டு ஓடிடும். உப்பு ஒட்டாது."

"எது ரொம்ப நாள் நிக்கும்?"

"களிம்பு நிக்கும், ஆனா தேய்ச்சித் தேய்ச்சித் தோள்பட்ட பூடும். தெளிக்கறது சுளுவு, ஆனா சீக்கிரம் போயிடும். பால் நடுவாந்தரம். எது போட்டாலும் மொதல்ல ஸ்பிரிட்டால தொடைக்கணும். ஸ்பிரிட் பட்டா பழைய வாக்ஸ் மொத்தமா வுட்டுடும்."

மூன்றையும் வாங்கினான். பானெட்டில் ஒட்டுத்தாள் ஒட்டி மூன்று பாத்தி பிரித்தான், கீரை விதைக்கிறவன் மாதிரி. ஸ்பிரிட் வாங்கிவரப் பொன்னியை மருந்துக் கடைக்கு அனுப்பினான். வாங்கி வந்தவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

"இது பட்ட எடத்துல வாக்ஸ் நிக்காதா?"

"நிக்காது."

"பாத்தா தெரியுமா?"

"காஞ்சிருந்தா தெரியாது. தண்ணி பட்டாத்தான் தெரியும். வாக்ஸ் இருக்கற எடத்துல முத்து முத்தா நிக்கும். இல்லாத எடத்துல அப்பிக்கும்." தனக்குத் தெரிந்ததைச் சொல்வதில் அவனுக்கு எப்போதும் ஒரு இன்பம்.

"ஓகோ" என்றாள் பொன்னி.

மறுநாள் விடிந்தபோது கடலிலிருந்து பனி ஏறி வந்திருந்தது. வீடு, வேலி, பட்டறை, எல்லாம் பாதிதான் இருந்தன. தலை செதுக்காத சிலைகள் பனிக்குள்ளிருந்து கைகளை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றன. முந்தின நாள் ஒவ்வொரு வாக்ஸாகப் பூசிய தன் மூன்று பாத்திகளைப் பார்க்க ஞானதாஸ் குனிந்தான்.

பானெட் முழுக்கத் துளிகள் முத்து கோத்ததுபோல நின்றன. விளக்கு ஓரத்தில், களிம்புப் பாத்தியில் மட்டும் ஒரு முத்துமில்லை. அங்கே ஈரம் அப்பிக் கிடந்தது. ஐந்து விரலும் ஒரு உள்ளங்கையுமாக.

சிறிய கை. விரல்கள் விரிந்து, எதையோ தடவிப் பார்ப்பதுபோல. அவன் முகத்தைக் கிட்டே கொண்டுபோனான். ரேகை இல்லை. ஆயுள் ரேகை, புத்தி ரேகை, ஒன்றுமில்லை. பிறக்காதவர்களின் கை மாதிரி வழவழவென்று இருந்தது.

துணியால் துடைத்தான். போய்விட்டது. வெயில் வந்ததும் பானெட் கண்ணாடியாக மின்னியது. கொஞ்சம் தண்ணீர் தெளித்தான். கை திரும்ப வந்தது.

ஸ்டான்லி உளியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"மச்சான், ஒன் சிலை ஏதாச்சும் எறங்கி நடக்குதா?" என்று கேட்டான் ஞானதாஸ்.

"போடா. நான் செதுக்கற கையில ரேகை கீது. டப்பு வாங்கிகினு ரேகை போடாம வுடுவனா?" என்றவன் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "இன்னா மச்சான் இது? ஐயர் ஜெபம் பண்ணாருல்ல?"

"பண்ணாரு. டயர்ல."

"டயர்ல பண்ணா டயர்ல ஏறாது. மேல?"

களிம்புதான் சரியில்லை என்று ஞானதாஸ் முடிவு கட்டினான். பானெட் முழுக்க நீல பாட்டில் பாலைப் பூசினான். தோள்பட்டை கழன்றது. அடுத்த விடியலில் கை கண்ணாடிக்குக் கிட்டே வந்திருந்தது. கார் முழுக்கத் தெளிக்கிறதைத் தெளித்தான். அதற்கடுத்த பனியில் பானெட்டில் ஒன்றுமில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தவன் ஓட்டுநர் கதவைப் பார்த்தான். கை அங்கே இருந்தது, கைப்பிடிக்கு ஒரு சாண் முன்னால்.

யாரோ கண் தெரியாதவர் காரைச் சுற்றித் தடவிக்கொண்டு கதவைத் தேடுவதுபோல இருந்தது. தாமோதரனுக்குப் போன் போட்டான்.

"எந்த வாக்ஸ் போட்டாலும் கை வருதுப்பா."

"பேய்க்குத் தாங்கற வாக்ஸு கம்பெனில இன்னும் வரல அண்ணாத்த. வந்தா ஒனக்குத்தான் மொதல் டப்பா."

அன்று பொன்னியை இழுத்து வந்து காட்டினான். அவள் டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று, அந்தக் கைக்கு நேராகத் தன் கையை, தொடாமல், நீட்டிப் பார்த்தாள்.

"பொம்பளக் கைங்க."

"எப்பிடிச் சொல்ற?"

"தெரியுது. ஆம்பளக் கையா இருந்தா தட்டியிருக்கும். இது கேட்டுகினு கீது." கடல் பக்கம் திரும்பினாள். "அந்தப் பழைய ஓனரு வூட்டம்மா இப்போ இன்னா ஆனாங்கன்னு கேட்டீங்களா?"

"கேக்கலியே."

"கைகூட வெச்சதில்லன்னு சொன்னாங்களே. எத்தன வருசம் வாசல்ல நின்னு பாத்துகினு இருந்துதோ, பாவம். ஒரு தரம் ஓட்டிப் பாக்கணும்னு ஆச இருந்திருக்கும்." குடையை விரித்துக்கொண்டாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போன பிறகு அந்த வாக்கியம் போகவில்லை. தரகர் சொன்னபோது தேனாக இனித்த அதே வாக்கியம் இப்போது காதுக்குள் நத்தைபோல ஊர்ந்தது. கைகூட வெச்சதில்ல. கைகூட வெச்சதில்ல. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக்கூட அவன் காரை எடுக்கவில்லை. போதகர் ஏன் நடந்து வந்தாய் என்று கேட்டபோது, காருக்கு ஓய்வுநாள் என்றான்.

அடுத்த விடியலில் பனியோடு தூறலும் இருந்தது. பானெட்டில் இல்லை. கதவில் இல்லை. ஞானதாஸ் சுற்றிச் சுற்றி வந்தான். எங்கும் முத்துக்கள்தான், குறையே இல்லாமல். முன்கண்ணாடி உள்ளே மூச்சு படிந்ததுபோல வெளுத்திருந்தது. வெளியிலிருந்த துளிகளை விரலால் வழித்தான்.

கண்ணாடியின் உட்புறம், ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே, ஒரு கை விரிந்திருந்தது. அது ஏறி உட்கார்ந்துவிட்டது.

போதகரிடம் எண்ணெய் கேட்பதா, ஸ்டான்லியைக் கூப்பிடுவதா என்று தெரியாமல் அவன் வீட்டின் பின்பக்கம் ஓடினான். துணி துவைக்கும் கல்லில் மோதிக்கொண்டான். கல்லுக்குப் பின்னாலிருந்த வாளி கவிழ்ந்தது. வாளிக்கு அடியிலிருந்து பாதி காலியான ஸ்பிரிட் பாட்டிலும், ஆஸ்பத்திரிக் கிளவுஸ் ஒரு ஜோடியும் உருண்டு வந்தன. ரேகை இல்லாத, வழவழப்பான, மெல்லிய கைகள்.

ஞானதாஸ் அந்தக் கிளவுஸைப் பார்த்தான். கிளவுஸ் அவனைப் பார்த்தது. ஒரு நிமிஷத்தில் அவன் உடம்புக்கு ரத்தம் திரும்பி வந்தது. இரண்டே எட்டில் சமையலறையில் நின்றான்.

"பொன்னி! இது இன்னா?"

பொன்னி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். வெட்கப்படவுமில்லை, பயப்படவுமில்லை.

"கிளவுஸு."

"பேயாம், பொம்பளக் கையாம், கேட்டுகினு கீதாம்! நீதானே?"

"நான்தான்."

"எதுக்குடி?"

"கேட்டேன், குடுக்கல. அழுதேன், பாக்கல. நெதம் நனஞ்சிகினு வந்து நின்னேன், 'தள்ளி நில்லு, கார் மேல தண்ணி சொட்டுது'ன்னு சொன்னீங்க. சரி, கையக் காட்டினாலாச்சும் பாப்பீங்கன்னு நெனச்சேன். பாத்தீங்க."

அந்தப் பதிலில் அவனுக்கு எங்கோ ஒரு முள் தைத்தது. ஆனால் பிடித்துவிட்ட சந்தோஷம் முள்ளைவிடப் பெரிது. மார்பை நிமிர்த்தினான்.

"என்னயவா ஏமாத்தப் பாத்த? பானெட்டுல வெச்ச, கதவுல வெச்ச, அதெல்லாம் சரி. கடைசில உள்ளார வெச்ச பாரு, அங்கதான் கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ட. அத்தப் பாத்துட்டுத்தான்..."

பொன்னியின் கை டப்பா மேலேயே நின்றது.

"உள்ளாரயா?"

"ஆமா. கண்ணாடிக்கு உள்பக்கம். ஸ்டீயரிங்குக்கு மேல."

"நான் வெளியதானே வெச்சேன்."

"பொய் சொல்லாத."

"ஏங்க, கார் பூட்டித்தானே கீது? சாவி உங்ககிட்டதானே கீது?"

ஞானதாஸ் கால்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது. ராத்திரியும் பகலும் இருந்தது. பக்கத்துப் பட்டறையில் உளிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. ஓட்டில் தூறல் விழுந்தது. பொன்னி மெல்ல முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான் வெளையாட்டுக்குக் கூப்புட்டேங்க" என்றாள் குரல் அடங்கி. "நெஜமாவே வந்துடுச்சா?"

ஞானதாஸ் கிளவுஸைக் கீழே போட்டுவிட்டு ஒரு முடிவுக்கு வந்தான்.

"பொன்னி, அந்தம்மாவுக்கு ஓட்டணும்னுதானே ஆச? ஒரு பொம்பள ஓட்டிகினு போனா அடங்கிடும். நீ எடுத்துகினு போ. தெனமும் போ. எனக்கு அந்தக் காரே வேணாம்."

"எனக்கு மட்டும் பயமா இருக்காதா?"

"நீ நர்ஸு. எத்தினி சாவு பாத்தவ. கை பாத்தா பயப்படுவியா?"

"வாக்ஸு?"

"வாக்ஸாவது மண்ணாவது!"

பொன்னி நெடுமூச்சு விட்டாள். "உங்களுக்காக" என்றாள்.

அவன் குடைகூட எடுக்கவில்லை. காரின் பக்கம் திரும்பாமல் மெயின் ரோட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய் நின்றான். கோவளம் போகிற வழியில் இருந்தது அவன் கணக்கு எழுதும் ஹோட்டல். நனைந்துகொண்டே பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மழைத் திரைக்குள்ளிருந்து கறுப்பாக அது வந்தது. தண்ணீர் அதன் மேல் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. தாமோதரன் பொய் சொல்லவில்லை. உள்ளே பொன்னி முதுகு நிமிர்ந்து, காய்ந்த புடவையில், ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து மெல்ல ஒரு ஹாரன் அடித்தாள். செங்கல்பட்டு ரோட்டில் திரும்பி மறைந்தாள். எவ்வளவு அழகாக ஓட்டுகிறாள் என்று, பயத்துக்கு நடுவிலும், அவனுக்குத் தோன்றியது.

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கினான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, பக்கத்திலிருந்தவர் தள்ளி நிற்கச் சொன்னார். கண்டக்டர் இடித்துக்கொண்டு வந்தார்.

"எங்க சார்? சில்லறையா குடு."

ஞானதாஸ் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். சில்லறைக்கு முன்னால் கார் சாவி வந்தது.