பதினேழாம் எண் சீட்டு

உயிரே போனாலும் ஸ்கேன் அறைக்குள் காலை வைப்பதில்லை என்று செயலாளர் முடிவெடுத்தார். முப்பது வருஷம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். வேலை ஓய்வு பெற்றது. பட்டம் ஓய்வு பெறவில்லை. அவர் எடுத்த முடிவை எந்த நிர்வாகமும் மாற்றியதில்லை. வீட்டு நிர்வாகம் தனி.

விஷயம் இதுதான். நூறு அடி நடந்தால் இடது கெண்டைக்காலை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலித்தது. நின்றால் போய்விடும். டாக்டர் அவர் பாதத்தில் நாடியைத் தேடினார், உதட்டைப் பிதுக்கினார், "ரத்தக்குழாய் ஒடுங்கியிருக்கலாம், ஸ்கேன் எடுங்க" என்று சீட்டு எழுதினார். செயலாளர் அதைப் பழைய துண்டறிக்கைக் கட்டுக்குள் செருகிவிட்டார். வருகிற ஞாயிறு ஓய்வூதிய ஊர்வலம். முன்வரிசையில் நடக்க வேண்டியவர் அவர். ஸ்கேனில் ஏதாவது தெரிந்து, உட்கார் என்று சொல்லிவிட்டால்?

அன்றிலிருந்து தெருவில் நூறு அடிக்கு ஒரு முறை நின்று சுவரொட்டி படித்தார். கிழிந்ததைப் படித்தார். போன வருஷத்ததைப் படித்தார். ஒன்றும் இல்லாத இடத்தில் வெறுஞ்சுவரையே படித்தார்.

மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்னங்க, கால் குடைச்சல் தாங்கல. ஸ்கேன் எடுக்கணுமாம். துணைக்கு வாங்களேன்."

"உனக்கா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"உங்களுக்குத்தான் சுவரைப் படிக்கவே நேரம் பத்தலையே."

மருத்துவமனை நடையில் இருபது பேர் காத்திருந்தார்கள். மனைவி கையில் பதினேழாம் எண். பதினாறு வெளியே வந்த நேரம், மடிப்புக் கலையாத சட்டைக்காரர் ஒருவர் வரிசையைத் தாண்டி வந்தார். யாரோ மேலதிகாரியின் மச்சானாம். சீட்டு கொடுக்கும் குமாஸ்தா எழுந்து நின்று வழிவிட்டார். உலகத்தில் ராஜாக்கள் ஒழிந்தார்கள். ராஜாவின் மச்சான்கள் ஒழியவில்லை.

"நம்ம பதினேழு போச்சு. விடுங்க, பெரிய இடம்" என்று மனைவி பெருமூச்சு விட்டாள்.

செயலாளர் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"தோழர்களே! பதினேழாம் எண்ணுக்கு உரியவர் உள்ளே போகாமல் வேறு ஒருவரும் உள்ளே போகக் கூடாது! இது நம் உரிமை!"

"கூடாது!" என்றது வரிசை. மூட்டு வலிக்காரர்கள்கூட எழுந்து நின்றார்கள். மச்சான் பின்வாங்கினார். குமாஸ்தா வியர்த்துப்போய், மனைவி நீட்டிய சீட்டுகளை வாங்கிப் படித்தார்.

"பதினேழு... ஆண், வயசு அறுபத்தெட்டு, இடது கால். யாருங்க அது?"

"இதோ, இவர்தான்" என்றாள் மனைவி.

செயலாளர் எட்டிப் பார்த்தார். டாக்டர் அவருக்கு எழுதிய அதே சீட்டு. துண்டறிக்கைத் தூசி இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

"ஏய், என்னடி இது?"

"போங்க. இருபது பேர் உங்களுக்காக எந்திரிச்சு நிக்கிறாங்க."

வரிசை கைதட்டியது. வென்ற கோரிக்கையைக் கைவிட்டு ஓடினார் என்ற பழி அவருக்கு வேண்டாம். உள்ளே போனார். மனைவியும் பின்னாலேயே போனாள்.

ஸ்கேன் டாக்டரம்மா தொடையில் சில்லென்று கூழ்போன்ற ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்தினார். அவருடைய ரத்தமே பேச ஆரம்பித்தது. உஷ், உஷ், உஷ். ஓர் இடத்தில் திடீரென்று சீறியது.

"இங்க மூணு மடங்கு வேகமா ஓடுது."

"வேகம்னா நல்லதுதானே?"

"ஹோஸ் பைப்பை விரலால அமுக்கினா தண்ணி சீறுமில்ல? குழாய் ஒடுங்கின இடம் அது. இதுக்குக் கீழ கேளுங்க."

கீழே சத்தம் சோர்ந்திருந்தது. மேடை நடுங்கப் பேசியவருக்குக் குரல் வரவில்லை.

"காலை... எடுத்துடுவாங்களாம்மா?"

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது. அவளும் பயந்துதான் இருந்தாள்.

"சேச்சே. இப்ப அந்தப் பயம் வேண்டாம். டாக்டர் மாத்திரை தருவார். பீடி வாசனை வருது, அதை விட்டுடுங்க. தினமும் நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் திரும்ப நடங்க."

செயலாளருக்கு உயிர் திரும்பியது. உயிரோடு குரலும் திரும்பியது.

"கேட்டியா? நடக்கலாம்! ஞாயித்துக்கிழமை முன்வரிசை நான்தான்! நடுவுல நின்னா என்ன சொல்றதுன்னு மட்டும் யோசிக்கணும்."

"யோசிச்சாச்சு. நூறு அடிக்கு ஒரு தடவை ஊர்வலமே நின்னு கோஷம் போடும்னு, சங்கத்து ஆளுங்க நம்ம வீட்டுல கூடித் தீர்மானம் போட்டாச்சு. போன வாரமே."

"என்னைக் கேக்காம தீர்மானமா? அந்தக் கூட்டத்துக்கு எவன்டி தலைமை?"

அவள் கூழைத் துடைக்கத் துணியை நீட்டினாள்.

"நான்தான்."